கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்விட்ச்

— ஆறு எதுக்கு பாப்பா? நான் ரெண்டு பேனல்தானே சொன்னேன்.

— ஏணியைப் புடிங்கப்பா. ஆட்டாதீங்க.

— புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன். புடிச்சுக்கிட்டேதான் கேக்கறேன். இத்தனூண்டு மர வீடு. ஒரு ரூம், ஒரு அடுப்படி, பின்னாடி ஒரு குளியலறை. இது மேல ஆறு கண்ணாடியை அடுக்கினா கூரையே தெரியல. காட்டுல போறவன் வர்றவன் ஏதோ ஆபீசுன்னு நினைச்சு மனு குடுக்க வந்துருவான்.

— மழைக்காலம்னு ஒண்ணு இருக்குல்ல. மூணு நாள் வெயில் வரலேன்னா ரெண்டு பேனல் நாக்கைத் தள்ளிடும்.

— அதுக்கு ஆறா?

— அப்பா, இது என் தொழில். நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தப்போ எந்த வண்டியை எந்த பிளாட்பாரத்துல விடணும்னு நான் வந்து சொன்னேனா?

— சொன்னே. அஞ்சு வயசுல. எல்லா வண்டியையும் மூணாவது பிளாட்பாரத்துல விடுங்க, அங்கதான் நாய்க்குட்டி இருக்குன்னே.

— சரி சரி. கடைசி போல்ட்டும் முடுக்கியாச்சு. இறங்கறேன்.

— மெதுவா. லைன் கிளியர், வா.

— ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் லைன் கிளியர்.

— முப்பத்து நாலு வருஷம் சொன்ன வாயி. இடுப்புல என்னது, வாக்கி டாக்கியா?

— ஆமா. நான் கூரைல இருக்கும்போது கீழே பேட்டரிகிட்ட நிக்கற ஆளோட பேசறதுக்கு. இந்த மாதிரி இடத்துல போன்ல சிக்னல் கிடைக்காதே.

— இன்னைக்குத்தான் உன் ஆள் வரலியே.

— அவனுக்கு லீவு. நான் மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

— இன்னொண்ணு?

— வண்டில இருக்கு.

— நான் வேணா போய் எடுத்துட்டு வரட்டுமா? காலைலேர்ந்து நீயே ஏறி இறங்கறே. வண்டியை வேற வளைவுக்குக் கீழேயே நிறுத்திட்டே. இங்க வரைக்கும் ஏறும், நான் பாதையைச் சரி பண்ணி வச்சிருந்தேன்.

— வேணாம். பாதை பூரா சரளைக் கல்லு, உங்க முட்டிக்கு ஆகாது. நீங்க உக்காருங்க. நான் போய் கட்டிங் பிளேயர் எடுத்துட்டு வரேன். அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க. அந்த பிஸ்கட்டையும்.

— தண்ணி இங்கதானே வேணும், அதை எதுக்குக் கீழே கொண்டு போறே?

— ரேடியேட்டருக்குப்பா.

— பிஸ்கட்டு?

— வழில நான் திங்கறதுக்கு. வந்துடறேன்.

— பாத்துப் போ.

— இதோ, வந்துட்டேன். என்னப்பா, முகம் கழுவி, தலை சீவி உக்காந்திருக்கீங்க. பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?

— இல்ல, வேர்வை. பாப்பா, உன்கிட்ட ஒண்ணு பேசணும்.

— பேசுங்க.

— அது வந்து.

— ம்.

— இந்த பேட்டரி ஒண்ணு எவ்வளவு வெயிட்டு இருக்கும்?

— நாப்பத்தெட்டு கிலோ. இதைத்தான் பேசணும்னீங்களா?

— ஆமா. தரை தாங்குமான்னு.

— சிமெண்டுத் தரைப்பா. லாரியையே ஏத்தலாம். வேற?

— வேற ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு.

— அப்ப இந்த சிவப்பு வயரைப் புடிங்க. கறுப்பைத் தொடாதீங்க. முதல்ல பேட்டரியை கன்ட்ரோலர்ல மாட்டணும். அப்புறந்தான் பேனல். மாத்திப் பண்ணா பெட்டி புகைஞ்சிடும்.

— ஏன், எது முதல்ல வந்தா என்ன?

— பேனல்லேர்ந்து கரண்டு வந்து நிக்கும்போது, அதை எங்க இறக்கறதுன்னு பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.

— ஓகோ. பிளாட்பாரம் காலியான்னு பாக்காம வண்டியை உள்ளே எடுக்கக் கூடாது. புரியுது.

— அவ்வளவுதான். சரி, இனிமே லோடு ஷீட்டு. இந்த வீட்டுல கரண்டுல ஓடற சாமான் ஒண்ணு விடாம சொல்லணும். எத்தனை இருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும். அதை வச்சுத்தான் இன்வெர்ட்டர்ல செட் பண்ணுவேன்.

— போன்லயே சொன்னேனே. நாலு பல்பு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ.

— போன்ல எல்லாருக்கும் நாலு பல்பு, ஒரு ஃபேன்தான். போன வருஷம் ஒரு ரிட்டயர்டு புரொபசர். இதே மாதிரி காட்டுக்குள்ள வீடு. ரெண்டு லைட்டு, ஒரு லேப்டாப்பு, அவ்வளவுதாம்மான்னு சாதிச்சாரு. நானும் நம்பி அதுக்கேத்த மாதிரி போட்டுக் குடுத்தேன். மனுஷன் மீன் தொட்டி வச்சிருந்ததைச் சொல்லவே இல்ல. அதுல இருக்கற மீனுக்கெல்லாம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். ஹீட்டரு ராத்திரி பகல் ஓடியிருக்கு. பதினோராம் நாள் பேட்டரி படுத்துருச்சு.

— மீனு?

— மீனுந்தான். போன் பண்ணி என்னைத் திட்டறாரு. ஷீட்டுல இல்லாத சாமானுக்கு நான் எங்கேர்ந்துப்பா கரண்டு குடுக்கறது?

— ஏன் மறைச்சாராம்?

— இந்த வயசுல மீன் வளக்கறாருன்னு நான் சிரிப்பேன்னு நினைச்சாராம்.

— பாவம்.

— பாவம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு பேனல் கூடப் போட்டிருப்பேன், மீன் பொழைச்சிருக்கும். சரி, நீங்க சொல்லுங்க. பல்பு நாலு, ஒம்பது வாட்டு, அஞ்சு மணி நேரம். எழுதிக்கிட்டேன். ஃபேன் ஒண்ணு, எட்டு மணி நேரம். எழுதிக்கிட்டேன். ரேடியோ எங்க வைக்கப் போறீங்க?

— அடுப்படி ஷெல்ஃபுல. நாள் பூரா பாடும். அது இல்லேன்னா என் செருப்புச் சத்தம்தான் எனக்கே கேக்குது.

— ரேடியோ, பத்து மணி நேரம். ஃபிரிட்ஜு?

— சின்னது ஒண்ணு.

— அது நாள் பூரா. கிணத்து மோட்டாரு, இருபது நிமிஷம். எழுதிக்கிட்டேன். அடுத்தது?

— அவ்வளவுதான்.

— அவ்வளவேதானா?

— ம்.

— அப்ப நீங்க சொன்னதுதான் சரி. இதுக்கு ஆறு பேனல் ரொம்ப ஜாஸ்தி. ஏணியைப் புடிங்க, நாலைக் கழட்டிடறேன்.

— கழட்டப் போறியா? இல்ல, ஏத்தியாச்சு. இருந்துட்டுப் போகட்டும்.

— காலைலேர்ந்து ஆறு எதுக்கு, ஆறு எதுக்குன்னு என் உயிரை எடுத்தீங்களேப்பா.

— நீதானே மழைக்காலம்னே. இருக்கட்டும், இருக்கட்டும்.

— சரி, இருக்கட்டும். இந்தச் செவுத்துல என்ன ஒட்டி வச்சிருக்கீங்க? டைம் டேபிளா?

— சும்மா ஒரு அட்டவணை. எது எப்ப ஓடணும்னு. நேரப்படி ஓட்டினா பேட்டரிக்கு நல்லதுன்னு நீதானே போன்ல சொன்னே.

— உங்களை எல்லாம் ஊரை விட்டுத் தள்ளி வச்சாலும் ஸ்டேஷன் போகாது. அஞ்சு நாப்பது, ரேடியோ. ஆறு, மோட்டார். ஆறு பத்து, டீ, அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு. ரெண்டு டீயா?

— ரெண்டு டம்ளர் குடிப்பேன்.

— டாக்டர் உங்களுக்கு டீயைப் பாதியாக் குறைக்கச் சொன்னாரு.

— அதான் காலைலயே ரெண்டையும் முடிச்சிடறது.

— பத்துலேர்ந்து நாலு வரைக்கும் என்ன, பேப்பர் ஒட்டி மறைச்சிருக்கீங்க?

— தப்பா எழுதிட்டேன். அதை உரிக்காத, செவுரு பெயிண்டு பேந்துக்கும்.

— உரிக்கல. பென்சில்ல பாயிண்டு மார்க் பண்ணி வச்சிருக்கீங்களே, அதைப் பாக்கறேன். கதவுகிட்ட ஸ்விட்ச்சு, சரி. அடுப்படில பிளக்கு, சரி. கட்டில் தலைமாட்டுல இடது பக்கம் ஒரு ஸ்விட்ச்சு. வலது பக்கம் ஒரு ஸ்விட்ச்சு.

— ஆமா.

— ரெண்டும் வேற வேற லைட்டுக்கா?

— ஒரே லைட்டுதான்.

— ஒத்தை ஆளு படுக்கற கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்விட்ச் எதுக்குப்பா?

— புரண்டு படுப்பேன்ல.

— இந்தப் பக்கம் புரண்டா இந்த ஸ்விட்ச்சு. அந்தப் பக்கம் புரண்டா அந்த ஸ்விட்ச்சு.

— வசதியா இருக்கும்.

— குவார்ட்டர்ஸ் வீட்டுல அத்தனை வருஷமும் கதவுகிட்ட ஒரே ஸ்விட்ச்சு. தெனமும் அம்மாதான் எழுந்து போய் அணைச்சுட்டு, இருட்டுல தட்டுத் தடுமாறி வந்து படுப்பாங்க. அப்ப தோணலியே இந்த வசதி.

— தோணியிருக்கணும். தோணல.

— சரி விடுங்க. கட்டில் ஸ்விட்ச் ரெண்டு, எழுதிக்கிட்டேன். ஜன்னலுக்குக் கீழே இது என்ன பாயிண்டு? மேஜை மட்டத்துக்கு அளந்து போட்டிருக்கீங்க. வீட்டுலயே நல்ல வெளிச்சம் விழற இடம்.

— மேஜை போடலாம்னு.

— மேஜை மேல?

— ரேடியோ.

— ரேடியோ அடுப்படி ஷெல்ஃபுல.

— அப்ப ஒரு தையல் மெஷினுன்னு வச்சுக்கயேன்.

— என்னது?

— தையல் மெஷின். கரண்டுல ஓடறது. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

— யாரு தைக்கப் போறா?

— நான்தான். பொழுது போகணும்ல.

— உங்களுக்கு ஊசில நூல் கோக்கத் தெரியுமா?

— கத்துக்கறேன். என்ன பெரிய வித்தை.

— சட்டைல பொத்தான் தெறிச்சதுன்னு ஸ்டேப்ளர் அடிச்சுக்கிட்டு டியூட்டிக்குப் போனவர் நீங்க.

— ஒரே ஒரு தடவை. அன்னைக்கு இன்ஸ்பெக்ஷன், நேரமில்ல.

— சரி. வீட்டு மெஷினா, கடை மெஷினா?

— ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

— வீட்டு மெஷின் நூறு வாட்டு. கடைல வச்சுத் தைக்கறது முந்நூறு இழுக்கும்.

— கடை மெஷினுன்னே எழுதிக்க.

— இனிமேத்தான் நூல் கோக்கக் கத்துக்கப் போறவருக்குக் கடை மெஷினு.

— கத்துக்கறதுன்னு ஆயிட்டா அப்புறம் சின்னதா எதுக்கு.

— எத்தனை மணி நேரம் ஓடும்?

— ஆர்டரைப் பொறுத்து. அஞ்சு மணி நேரம் போட்டுக்க.

— ஆர்டரா?

— வாய் தவறிடுச்சு.

— அஞ்சு மணி நேரம். பத்துலேர்ந்து நாலு வரைக்கும், நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. பேப்பருக்கு அடில இருக்கறது அதுதானே?

— நீ கணக்குல புலின்னு எனக்குத் தெரியும். அடுத்ததைப் பாரு.

— அடுத்தது நீங்கதான் சொல்லணும்.

— அந்த இஸ்திரிப் பெட்டி. அது தாங்குமான்னு கேக்கணும்னு இருந்தேன். ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கு.

— எதுல போட்டிருக்கு?

— பெட்டிலதான்.

— எந்தப் பெட்டி? நம்ம வீட்டுப் பெட்டி எழுநூத்தம்பது வாட்டு. அதுவும் கைப்பிடி உடைஞ்சு பரண்ல கிடக்கு. இந்தக் காட்டுல இஸ்திரி போட்ட சட்டையை யாருக்குக் காட்டப் போறீங்க, அணிலுக்கா?

— பாப்பா, வெயில் உச்சிக்கு வந்துருச்சு. முடிச்சுட்டுக் கிளம்ப வேணாமா?

— இதை முடிக்காம முடிக்க முடியாது. பாருங்க, பேனாவை மூடிட்டேன். ஷீட்டைக் கவுத்து வச்சுட்டேன். இப்ப நான் சோலார்காரி இல்ல. உங்க பொண்ணு. சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல?

— காலைல ஏணிகிட்ட ஆரம்பிச்சு நிறுத்துனீங்களே, அதை. பேட்டரி வெயிட்டு கேட்டீங்களே, அதுக்கு முன்னாடி வாய் வரைக்கும் வந்ததை.

— அவசரம் ஒண்ணுமில்லம்மா. சாவகாசமா ஒரு நாள்.

— முப்பத்து நாலு வருஷம் மைக்கைப் புடிச்சுப் பேசினீங்கப்பா. எந்த வண்டி லேட்டு, எந்த வண்டி ரத்து, ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோட முறைச்சுக்கிட்டு நின்னாலும் கூசாம சொல்வீங்க. வீட்டுல ஒரு சேதியாவது உங்க வாயால வந்திருக்கா? வேற ஊருக்கு மாத்திட்டாங்கங்கறதை நீங்க பெட்டி கட்டறதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். நாய்க்குட்டி செத்துப் போனதைக் குழி தோண்டினவர் வந்து சொன்னாரு.

— நீ சின்னப் பொண்ணு. அழுவேன்னு.

— அம்மாவுக்கு முடியாமப் போனது?

— அதை எதுக்கு இப்ப எடுக்கறே.

— எடுக்காம அஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு யாரு சொன்னா?

— உனக்கு எலெக்ட்ரீஷியன் லைசென்ஸ் பரீட்சை. ரெண்டு வருஷமா படிச்சுக்கிட்டு இருந்தே. முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்.

— பக்கத்து வீட்டு டீச்சரம்மா போன் பண்ணாங்க. உங்கம்மா எந்த வார்டுல இருக்காங்க, பாக்கப் போகணும்னு என்கிட்ட கேக்கறாங்க. எனக்கு ஆஸ்பத்திரின்னே தெரியாது. அப்படியே ஓடி வந்தேன். அம்மாவுக்குக் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. பேச்சு நின்னு போச்சு. ஒரு வாரம் முன்னாடி நீங்க சொல்லியிருந்தா என்கூடப் பேசியிருப்பாங்கப்பா.

— தெரியும்மா.

— அந்த ஒரு வாரத்தை நான் மன்னிக்கல. சண்டை போடல, வந்து போய்க்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். மன்னிக்கல.

— நானும்தான் என்னை மன்னிக்கல. அவ கேட்டுக்கிட்டே இருந்தா, பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு. வந்துக்கிட்டு இருக்கா, வந்துக்கிட்டு இருக்கான்னு தெனமும் சொன்னேன். உன்கிட்ட சொல்லவே இல்ல. அப்புறம் நீ எப்படி வருவே?

— இதை நீங்க என்கிட்ட சொன்னதே இல்லியேப்பா.

— இன்னைக்குத்தான் வாய் வந்துச்சு.

— வந்தது வந்துச்சு. மிச்சத்தையும் சொல்லிடுங்க.

— ஒரு நிமிஷம் குடு.

— நான் எங்கயும் போகல.

— அந்தத் தையல் மெஷின் எனக்கில்ல.

— சரி.

— ஸ்டேஷன் ரோட்டுல ஒரு அம்மா தையல் கடை வச்சிருக்காங்களே. எங்க எல்லாருக்கும் யூனிஃபார்ம் தைப்பாங்க.

— தெரியும். எனக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைச்சது அவங்கதான். ஓரத்தை நாலு விரல் மடிச்சு விட்டிருக்கேன், வளர வளரப் பிரிச்சுக்கோம்பாங்க.

— அவங்கதான்.

— அவங்கதான்னா?

— அவங்களும் நானும்.

— முழுசா சொல்லுங்கப்பா. மைக்குல இப்படித்தான் பாதில நிறுத்துவீங்களா?

— கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். பண்ணிக்கிட்டு இங்க வந்து இருக்கலாம்னு. அறுபத்திரண்டு ஆவுது எனக்கு. உனக்கே சிரிப்பா இருக்கும். சொல்லிட்டேன், போ.

— நான் சிரிக்கலப்பா. எப்பலேர்ந்து?

— அம்மா போய் ரெண்டு வருஷம் கழிச்சு. டியூட்டி பேண்டு எல்லாம் இடுப்புல நிக்கல. ரெண்டு இன்ச்சு புடிச்சுக் குடுங்கன்னு போனேன். அளவெடுத்துப் பாத்துட்டு, ரெண்டு இல்ல மாஸ்டர், நாலு இன்ச்சு குறைஞ்சிருக்கு, நீங்க சாப்பிடறீங்களா இல்லியான்னாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேக்கல.

— நான் கேட்டேனே. ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல கேட்டேன்.

— நீ கேட்டே. சாப்பிட்டேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவங்க கையில டேப்பு இருந்துச்சு.

— அம்மா இருக்கும்போது ஒண்ணும் இல்லியே?

— சத்தியமா இல்லம்மா. அப்ப நான் அவங்களுக்கு வெறும் முப்பத்தாறு இன்ச்சு. அவ்வளவுதான். கோவமா இருக்கியா?

— கோவமாத்தான் இருக்கேன். அவங்க மேல இல்ல. அம்மா படத்தை எங்க மாட்டப் போறீங்க?

— ஜன்னலுக்கு எதிர்ச் செவுரு. ஆணி அடிச்சிருக்கேன் பாரு. அந்த இடம் நான் முடிவு பண்ணது இல்ல. வீட்டைக் காகிதத்துல வரைஞ்சு காட்டினேன், அவங்கதான் விரல் வச்சுச் சொன்னாங்க. தைக்கும்போது நிமுந்தா அந்தம்மா முகம் தெரியணும், அவங்களைப் பாக்காத மாதிரி ஒரு மூலைல வச்சுட்டு நான் இங்க உக்காந்து தைக்க மாட்டேன்னாங்க.

— காகிதத்துல காட்டினீங்களா? ஏன், இங்க கூட்டிட்டு வரலியா?

— வர மாட்டேங்கறாங்க. பாப்பாகிட்ட நீங்க உங்க வாயால சொல்லாம அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. ஆள் விட்டுச் சொல்லக் கூடாது, லெட்டர் எழுதக் கூடாது. இன்னும் ஒரு மாசத்துல நீங்க சொல்லலேன்னா எனக்கு வேற வேலை இருக்கு மாஸ்டர்னு சொல்லிட்டாங்க. கடைக்குப் போனா நிமுந்து கூடப் பாக்கறதில்ல. சொல்லியாச்சான்னு ஒரே கேள்வி. இல்லேன்னா, அப்ப போயிட்டு வாங்க.

— மாசம் எப்ப முடியுது?

— நாளையோட.

— அதான் தலை சீவி உக்காந்திருந்தீங்களா?

— இன்னைக்கு மட்டும் நாலு தடவை சீவிட்டேன்.

— அப்பா, எனக்கு உடனே ரொம்ப சந்தோஷம்னு சொன்னா அது பொய். அம்மா நினைப்பு வருது. ஆனா மனசு லேசா இருக்கு. ஒரு சேதியை முதல் தடவையா உங்க வாயால கேட்டேன்.

— அது போதுமா?

— இன்னைக்குப் போதும். மிச்சம் மெதுவா வரும். அந்தப் பேனாவைக் குடுங்க. கடை மெஷினு, முந்நூறு வாட்டு, அஞ்சு மணி நேரம். இஸ்திரிப் பெட்டி, ஆயிரம் வாட்டு, அரை மணி நேரம். டீ ரெண்டு. எழுதிக்கிட்டேன்.

— தாங்குமா பாப்பா? நாலஞ்சு நாள் மழை புடிச்சா அவங்க ஆர்டர் நிக்கக் கூடாது. சொன்ன தேதில குடுக்கலேன்னா அவங்களுக்குத் தூக்கம் வராது.

— ஆறு பேனல், ரெண்டு பேட்டரி, மூவாயிரம் வாட்டு இன்வெர்ட்டரு. தாராளமா தாங்கும்.

— இதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கே. உனக்கு எப்படி?

— மெயின் போடறேன், தள்ளி நில்லுங்க. பாருங்க, பச்சை விளக்கு வந்துருச்சு.

— லைன் கிளியர்.

— இன்னும் இல்ல. வெறும் பல்பைப் போட்டுக் காட்டிட்டு நான் எந்த வீட்டையும் விட்டு இறங்கினதில்ல. ஷீட்டுல இருக்கற பெரிய சாமானை ஓட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போடுவேன்.

— இங்க இருக்கறது ஒரு ரேடியோ. பெரிய சாமானுக்கு இப்ப எங்க போறது?

— அதைப் பாத்துக்கலாம். அதுக்குள்ள இந்த வாக்கி டாக்கியை டெஸ்ட் பண்ணிக் குடுங்க. வண்டி வரைக்கும் எட்டுதான்னு பாக்கணும். இந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டுப் பேசணும். விட்டாத்தான் அந்தப் பக்கம் பேசறது கேக்கும்.

— அந்தப் பக்கம் யாரு இருக்கா?

— பேசுங்கப்பா. மைக்குதானே.

— என்னன்னு பேச?

— ஸ்டேஷன்ல எப்படிப் பேசுவீங்களோ, அப்படி.

— குடு இப்படி. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காலை ஒன்பது மணிக்கு வந்திருக்க வேண்டிய சேதி, ஒரு மணி நேரம் காலதாமதமாக இப்பொழுதுதான் வந்து சேர்ந்தது. தாமதத்திற்கு வருந்துகிறோம். போதுமா பாப்பா?

— பொத்தானை விடுங்க.

— ஒரு மணி நேரம் இல்ல மாஸ்டர், மூணு மணி நேரமா உங்க பொண்ணு வண்டிக்குள்ள இந்த மெஷின் பக்கத்துல உக்காந்திருக்கேன், சொல்லியாச்சுன்னா வந்து ஒரு கை புடிங்க.